‘பூமரத்துக்கும் எனக்கும் வயசு போட்டுது’

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 64. யாழ்ப்பாணத்திலிருந்து 1989இல் கனடாவுக்கு வந்தவர். முதலில் தொழிற்சாலை, பிறகு முதியோர் பராமரிப்பு என்று வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கி, போன வருடம் ஓய்வெடுத்தார். கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. வீடு அவருடைய பெயரில் இருக்கிறது. இளைய மகனும் மருமகளும் கூடவே இருக்கிறார்கள்.

வீட்டுக்கு முன்னால் ஒரு ஹைட்ரேஞ்சியாப் பூமரம். பின்வளவில் அஸ்டர், எக்கினேசியா, சாடிகளில் செவ்வந்தி. ஒவ்வொரு ஒக்டோபரும் மகன் எல்லாவற்றையும் நிலமட்டத்துக்கு வெட்டி, பழுப்புக் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்துவிடுகிறார். ஹைட்ரேஞ்சியா மூன்று கோடையாகப் பூக்கவில்லை. “அந்தப் பூமரத்துக்கும் எனக்கும் வயசு போட்டுது” என்கிறார். பெறாமகளின் கல்யாணப் படத்தில் தன் கழுத்தைக் கண்டு திடுக்கிட்ட பிறகு, எந்தக் கொண்டாட்டத்திலும் தானே போனை வாங்கிப் படம் எடுக்கும் ஆளாக ஒதுங்கிவிடுகிறார். “இனிப் பூ வைக்காதேங்கோ, ஆக்கள் கதைப்பினம்” என்று மச்சாள் சொன்ன நாளிலிருந்து தலையில் பூவும் இல்லை. முழங்கால் வலிக்கிறது, கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஒக்டோபரும் பகல் குறுகக் குறுகப் பயமாக இருக்கிறது, மனம் விழுகிறது. இந்த முறை செப்டெம்பரிலிருந்தே சாப்பாடு பிடிக்கவில்லை, விடிய மூன்று மணிக்கு நித்திரை கலைந்துவிடுகிறது, கோயிலுக்கும் போகவில்லை.

மூன்று கேள்விகள் கேட்கிறார். தோழி ஒருவர் யாரோ வீட்டின் பேஸ்மென்டில் பாதி விலைக்கு முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், தானும் போடலாமா? தனக்கு வந்திருப்பது மனநோயா? மகன் கேட்கிறபடி வீட்டை அவர் பெயரில் எழுதிக் கொடுக்கலாமா? கடிதம் இப்படி முடிகிறது: “வாடின பூவைச் சாமிக்கும் வைப்பதில்லை. என்னை என்ன செய்ய?”

அன்புள்ள அக்கா,

மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காமல் முடிவாகவே எழுதிவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் ஹைட்ரேஞ்சியாவுக்கு வயசு போகவில்லை. தடித்த இலை, இலையின் ஓரம் அரம்போல, பூ நீலப் பந்தாக உருண்டிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய இலை ஹைட்ரேஞ்சியா. அந்த இனத்தில் பெரும்பாலானவை அடுத்த கோடைக்கான மொட்டை இந்த வருடத் தண்டிலேயே, கோடை முடிந்து குளிர் தொடங்கும் காலத்தில் கட்டிவிடும். ஒக்டோபரில் அந்தத் தண்டை அடியோடு வெட்டினால், வசந்தத்தில் வேரிலிருந்து புதுத் தண்டு கிளம்பும், இலை செழிக்கும், பூ மட்டும் வராது. மகன் வளவைத் துப்புரவாக்குகிறேன் என்று நல்ல மனதோடு செய்கிற வேலையில் வருகிற வருடத்துப் பூவும் சேர்ந்து பைக்குள் போகிறது.

இந்த ஒக்டோபரில் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். இனிப் பூத்தால் வாடிய பூத்தலையையும் அப்படியே விடுங்கள், கீழே இருக்கிற மொட்டுக்கு அது கொஞ்சம் பனி மறைப்பாகும். அடியில் உதிர்ந்த மேப்பிள் இலையைக் குவித்துவிடுங்கள். மே மாதம் பச்சை மொட்டு எங்கே துளிர்க்கிறது என்று பார்த்து, அதற்கு மேலே மட்டும் நறுக்கினால் போதும். ரொறன்ரோக் குளிர் சில வருடங்களில் மொட்டைக் கருக்கிவிடுவதும் உண்டு. அதனால் முதல் வருடமே குலைகுலையாகப் பூக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை. ஆனால் வேர் நன்றாகத்தான் இருக்கிறது.

பூமரத்தைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. வெட்டியதால் போனதையெல்லாம் வயதின் கணக்கில் எழுதும் பழக்கம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. தலையில் பூ இல்லாமல் போனது வயதாலா? படங்களில் நீங்கள் இல்லாமல் போனது வயதாலா? வயது உண்மையாகவே எடுத்துக்கொண்டவையும் இருக்கின்றன: கணவர், முழங்கால், வாசிக்கிற பார்வை. அவற்றுக்காக அழத்தான் வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, வயதால் போனவை ஒரு பக்கம், யாரோ வெட்டியதால் போனவை மறுபக்கம் என்று எழுதிப் பாருங்கள். நீங்களே உங்களை வெட்டிக்கொண்டவையும் அந்த மறுபக்கத்தில்தான் வரவேண்டும். முதியவர்களோடு வேலை செய்கிற அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பக்கம்தான் நீளமாக வரும்.

வாடும்போது பூ என்ன செய்கிறது

மனம் விழுகிறது என்று நீங்கள் சொல்கிற அதே ஒக்டோபரில்தான் உங்கள் பின்வளவில் பார்க்க நிறைய இருக்கிறது. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு அஸ்டரைக் கிட்டப் பாருங்கள். புதிதாக விரிந்த பூவின் நடு மஞ்சள். நாள் போகப் போக அதே நடு செம்பழுப்பாகி, ஊதா கலந்து வரும். ஒரே கிளையில் இரண்டும் அருகருகே நிற்கும். மஞ்சள் நடுவில் இன்னும் தேனும் மகரந்தமும் இருக்கின்றன. சிவந்த நடு அந்த வேலையை முடித்து விதை கட்டும் வேலைக்குப் போய்விட்டது. தெருவில் யாருடைய வீட்டிலாவது ஹைட்ரேஞ்சியா நின்றால் அதையும் பாருங்கள். நாம் இதழ் என்று நினைப்பது அதில் புல்லிதழ். அதனால்தான் அது உதிராமல் நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து வைன் நிறத்துக்கும் மாறிக்கொண்டே நிற்கிறது. ஈரம் வற்ற வற்ற ஒவ்வொரு நரம்பும் எழும்பி, பின்னல் வேலை செய்த துணி மாதிரித் தெரியும். ஓகஸ்ட் மாதப் பூவில் இந்த நரம்புகளை இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

ஊர் வேலியில் படர்ந்த கார்த்திகைப்பூ உங்களுக்கு நினைவிருக்கும். அது விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆகத்தான் செம்மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்புக்கு வரும். நாம் கார்த்திகைப்பூ என்று மனதில் வைத்திருக்கிற அந்தச் செக்கச்சிவந்த பூ, பல நாள் வாழ்ந்த பூ.

செவ்வந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு நீளத் தொடங்கினால்தான் பெரும்பாலான செவ்வந்தி மொட்டுக்கட்டும். தெருவிளக்கு வெளிச்சம் இரவிரவாகப் படுகிற இடத்தில் சாடியை வைத்தால் பூப்பது பிந்தும். பகல் குறுகுவது உங்களுக்குப் பயமாக இருக்கிறது, அந்தச் செடி அதற்காகத்தான் காத்திருக்கிறது.

எக்கினேசியாவின் காய்ந்த தலை கறுத்து, முள்ளுமுள்ளாக, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மகன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதை வெட்டாமல் விட்டால் கோல்ட்ஃபின்ச் என்கிற சின்னக் குருவி வந்து தலைகீழாகத் தொங்கி விதை கொத்தும். கோடையில் எலுமிச்சை மஞ்சளாக இருந்த ஆண்குருவி அந்த நேரம் மஞ்சளை உதிர்த்து மங்கிய பழுப்புக்கு மாறியிருக்கும், ஒன்ராறியோவின் தென்பகுதியில் குளிர்காலம் முழுவதும் அதே நிறத்தில்தான் திரியும். பொந்துத் தண்டுகளுக்குள் காட்டுத் தேனீக்கள் குளிரைக் கழிக்கும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் பிறக்கிற மொனார்க் சில வாரங்கள்தான் வாழும். கோடை கழியும் நேரத்தில் பிறக்கிற தலைமுறை எட்டு மாதம் வரை வாழ்ந்து, மெக்சிக்கோவின் மலைக்காடுகள் வரை பறந்து போகும். போகிற வழியில் அது தேன் குடிப்பது இந்த அஸ்டர், கோல்டன்ரொட் போன்ற இலையுதிர்காலப் பூக்களில்தான்.

முடிந்தால் மருமகளைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். லோரன்ஸ் அவெனியூ ஈஸ்டும் லெஸ்லியும் சந்திக்கிற இடம், உள்ளே போகக் காசில்லை. அதன் முகப்புத் தோட்டத்தை வடிவமைத்தவர் பீட் ஔடோல்ஃப் என்ற டச்சுக்காரர், நியூயோர்க்கின் ஹைலைன் பூங்காவில் செடிகளைத் திட்டமிட்டவரும் அவர்தான். பூத்து முடிந்த செடி காய்ந்து நிற்கும்போது என்ன வடிவில் இருக்கும் என்பதையும் யோசித்தே அவர் செடியைத் தேர்ந்தெடுப்பார். ஒக்டோபர் கடைசியில் போய்ப் பாருங்கள். உங்கள் வளவில் பைக்குள் போகிற அதே எக்கினேசியா அங்கே எப்படி நிற்கிறது என்று மகனுக்கு ஒரு படம் எடுத்துக் காட்டலாம். அந்தப் படத்தில் நீங்களும் நில்லுங்கள்.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்று ஒரு பெண் இருந்தார். 1700இல் பிறந்தவர். இரண்டாவது கணவரையும் 1768இல் இழந்தார். 72 வயதளவில் வர்ணக் கடதாசியைத் துண்டுதுண்டாக வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். பூவின் நடுவில் நிற்கிற மகரந்தக் காம்பு வரை தனித்தனித் துண்டு. கண்பார்வை மங்கிப் போகும்வரை சுமார் பத்து வருடத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்து முடித்தார். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நீங்களும் கடதாசிப்பூ செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடம் பூவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 64 வயதில் தெரிவது, இருபது வயதுக் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்த இலையின் ஓரத்தை எனக்கு அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

தலையில் பூ

இதை நான் பட்டும்படாமலும் சொல்லப் போவதில்லை. கணவர் இறந்தால் பெண் பூ வைக்கக் கூடாது என்பது ஆக்கள் போட்ட கட்டு. எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊரிலும் இங்கேயும் எத்தனையோ பெண்கள் இன்று பொட்டும் பூவுமாகக் கோயிலுக்குப் போகிறார்கள். ஆனால் பூ வைத்தால் ஒருவரும் கதைக்க மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சிலர் கதைப்பார்கள், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும். அதைத் தாங்கும் தெம்பு இப்போது இல்லை என்றால், வீட்டுக்குள் உங்கள் சாடிச் செவ்வந்தி ஒன்றை வைத்துக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். “அவர் வாங்கித் தந்த பூ, அவர் இல்லாமல் எனக்கு வேண்டாம்” என்று உங்கள் மனமே சொன்னால் அதுவும் சரி. அப்படியென்றால் அது உங்கள் துக்கத்தின் முடிவு. இப்போது நடந்திருப்பது மச்சாளின் முடிவு.

வாடின பூவைச் சாமிக்கு வைப்பதில்லை என்றீர்கள். வில்வம் காய்ந்தாலும் சிவனுக்கு ஆகும் என்று நம் வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சாமியிலிருந்து எடுத்த பூவும் ஐயர் கையில் வரும்போது வாடித்தான் இருக்கும். அதைத்தானே கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்கிறோம்?

இது மனநோயா?

வயதாவதும் துக்கமும் நோய் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற மற்ற விஷயங்கள் எனக்குக் கவலை தருகின்றன. பசியின்மை, விடிய மூன்று மணி விழிப்பு, பிடித்த கோயிலிலும் மனம் ஒட்டாமை: இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். “இந்த வயசில் இப்படித்தான்” என்று விடுவதுதான் நம் ஆக்களிடம் நான் அதிகம் காண்கிற ஆபத்து. மனச்சோர்வு முதுமையின் பங்கு இல்லை, 64 வயதிலும் 84 வயதிலும் அது சிகிச்சையில் தேறக்கூடியது.

குடும்ப வைத்தியரிடம் உடனே நேரம் எடுங்கள். தைரொய்ட், பி12, இரத்தச்சோகை, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இவை கெட்டாலும் ஆள் இப்படி ஓய்ந்துபோவதுண்டு. ஒவ்வொரு ஒக்டோபரும் இது வருகிறது என்பதையும் சொல்லுங்கள். ஜூனில் பதினைந்தரை மணி நேரமாக இருக்கிற ரொறன்ரோப் பகல் டிசம்பரில் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைந்துவிடும், சிலருக்கு அந்தக் குறைவே சோர்வைக் கொண்டுவருகிறது. அப்படியென்றால் காலையில் 20 முதல் 30 நிமிடம் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தருகிற விளக்கின் முன் இருப்பது உதவும். கண்ணில் நோய் இருந்தாலோ, மனம் அளவுக்கு மீறி எழும்பித் தாழும் நோய் முன்பு இருந்தாலோ வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பேச்சுச் சிகிச்சை, மருந்து இரண்டுமே தேவைப்படலாம். மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“என்னை என்ன செய்ய” என்ற வரியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன்: வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இரவோ பகலோ 988க்கு அழையுங்கள், கனடா முழுவதும் அது இலவசம். ஆங்கிலத்தில் கதைப்பது கஷ்டம் என்றால் மருமகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிய நினைப்பு உடம்பையும் தொடுகிறது. அமெரிக்காவில் பெக்கா லெவி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூட வாழ்ந்திருந்தார்கள். நினைப்பை மாற்றினால் ஏழரை வருடம் நிச்சயம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் “கிழண்டுபோனேன்” என்று தினமும் உங்களுக்கே சொல்லிக்கொள்வது வெறும் பேச்சோடு நின்றுவிடாமல் போகலாம் என்று யோசிக்க இது ஒரு காரணம்.

ஊசி

முகத்துக்கு ஏதாவது செய்ய விரும்புவது பிழை இல்லை, தலைக்கு டை பூசுவது போல அதுவும் உங்கள் விருப்பம். ஆனால் பேஸ்மென்டில் வேண்டவே வேண்டாம். பொடொக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. நெற்றிச் சுருக்கத்தில் மூன்று நான்கு மாதம் பலன் தெரியும், தோல் தளர்ந்த கழுத்துக்குப் பெரிதாக உதவாது. இடம் மாறினால் இமை தொங்கலாம், கழுத்தில் போட்டால் விழுங்கக் கஷ்டமாகலாம். போலி மருந்து பற்றிக் கனடா சுகாதாரத் துறை திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. போடுவதென்றால் பதிவு பெற்ற வைத்தியரின் கிளினிக்கில், மருந்துப் பெட்டியில் டி.ஐ.என். என்கிற எட்டு இலக்க மருந்து அடையாள எண்ணைப் பார்த்து, நீங்கள் எடுக்கும் மருந்துகளை எல்லாம் சொல்லிவிட்டுப் போடுங்கள். என் அபிப்பிராயம், மனம் கொஞ்சம் தேறிய பிறகு இதை முடிவு செய்யலாம். சோர்ந்த மனதோடு கண்ணாடி பார்த்து எடுத்த முடிவு பிறகு பிடிக்காமல் போவது அதிகம்.

வீடு

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் இந்த நிலையில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். எழுதிக் கொடுத்த வீட்டைத் திருப்பி வாங்குவது மிகவும் கஷ்டம். மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்குக் கடன் வந்தாலோ விவாகரத்து என்று ஒன்று வந்தாலோ, நீங்கள் இருக்கிற கூரை அந்த வழக்குக்குள் போய்விடலாம். வரி விளைவுகளும் உண்டு. உங்களுக்கென்று தனியாக, மகன் அறையில் இல்லாமல், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். “எனக்கு இயலாமல் போனால் யார் பார்ப்பது” என்பதுதான் மகனின் பயம் என்றால், அதற்கு உயிலும், சொத்துக்கு ஒன்று, உடல்நலப் பராமரிப்புக்கு ஒன்று என இரண்டு அதிகாரப் பத்திரங்களும் இருக்கின்றன. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், உங்களுக்குத் தெளிவு இருக்கும்வரை அவற்றை மாற்றவும் ரத்துச் செய்யவும் உங்களால் முடியும்.

உங்கள் கடிதத்தில் பென்ஷன் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் சொல்கிறேன். கணவர் சி.பி.பி. என்கிற கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குக் கட்டியிருந்தால் அவர் வழியாக வரவேண்டிய பென்ஷனுக்கு விண்ணப்பித்தீர்களா? வருமானம் குறைவு என்றால், கணவரை இழந்த 60 முதல் 64 வயதுக்காரர்களுக்குத் தனி உதவித்தொகை உண்டு. அது 65 ஆகும்போது நின்று, முதியோர் பென்ஷன் தொடங்கும். காலம் போகமுதல் மத்திய அரசின் சேர்விஸ் கனடா அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலில் வைத்தியர், பிறகு வழக்கறிஞர். மகனோடு கதைக்கும்போது “வீட்டைத் தர மாட்டேன்” என்று தொடங்காதீர்கள். “எனக்கு இப்போது சுகமில்லை, வைத்தியரைப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு கதைப்போம்” என்று சொல்லுங்கள். அவர் வற்புறுத்தினாலோ கோபப்பட்டாலோ அதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைக் கதைப்போம்.